மரியா மொன்ரிசோரி: ஒரு தாயின் கதை

ஈன்ற தாய்க்கு அடுத்தபடியாகப் பிள்ளையின் மனத்தை உருவாக்குபவர் ஆசிரியரே என்பது நம்மவர் கொள்கை. இவ்விரு கடமைகளும் ஒருவரிடத்திலே வந்து சேரும்போது, சிலவேளைகளில் ஒன்று மற்றொன்றைப் பலியாகக் கேட்பதுண்டு. அத்தகைய சோதனைக்கு ஆளாகி, எண்பத்தோராண்டுகள் வாழ்ந்து மறைந்தவர் மரியா மொன்ரிசோரி அம்மையார்.

இலங்கையிலே ‘மொன்ரிசோரி’ என்பது பாலர் பாடசாலைக்கு மறுபெயராகவே வழங்குகின்றது. பிள்ளையைக் கைப்பிடித்து அங்கே விட்டுவரும் தாய்மாருள், அஃது ஒரு பெண்மணியின் பெயரென்பதை அறிந்தோர் எத்தனை பேர்? அப்பெண்மணி தம் பிள்ளையைத் தாமே வளர்க்க இயலாது தவித்தவர் என்பதை அறிந்தோர் இன்னுஞ் சிலரே.

இத்தாலி தேசத்தில் கியாரவல்லே என்னும் ஊரிலே 1870 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆந் திகதி அவர் பிறந்தார். பெண்கள் வைத்தியம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், றோமாபுரிச் சர்வகலாசாலையிலே பயின்று, 1896 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். உடன் பணியாற்றிய வைத்தியரொருவர்பால் அன்பு கொண்டார். 1898 இல் மாரியோ என்ற ஆண்மகவு பிறந்தது. ஆயின் விவாகம் நிகழவில்லை. மணமின்றிப் பெற்ற பிள்ளை என்பது வெளிப்படின், அரிதின் முயன்று பெற்ற தொழிலும் மதிப்பும் ஒருங்கே அழியும். குழந்தை நாட்டுப்புறத்திலே ஒரு குடும்பத்தாரிடம் வளர விடப்பட்டது. தாய் இடையிடையே சென்று பார்த்து வந்தார். தாய் என்று மாத்திரஞ் சொல்லிக்கொள்ளவில்லை. குழந்தையைப் பேழையிலிட்டு ஆற்றிலே விட்ட குந்தியின் கதையை அறிந்த நமக்கு, அத்துயரை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

1907 ஜனவரி 6 ஆந் திகதி, றோமாபுரியின் சான் லோரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பிலே ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் தொழிலுக்குச் சென்றபின் காப்பாரின்றித் திரிந்த சிறுவர்களே அங்கு வந்தவர்கள். அம்மையார் அவர்களை அடக்க முயலவில்லை, உற்று நோக்கினார். சிறு கைகளுக்கேற்ற பொருள்களையும், சிறு உடலுக்கேற்ற நாற்காலி மேசைகளையும் அளித்தார். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களை விரலாலே தடவச் செய்தார். விசயதசமியன்று பச்சையரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கும் நம் வழக்கத்தை இது நினைவூட்டுகின்றதன்றோ? கண்ணும் செவியும் மாத்திரமன்றி, கையும் கற்கின்றது என்பதே அவர் கண்ட உண்மை.

ஒருநாள், சத்தமின்றி மூக்குச் சிந்துவது எவ்வாறு என்று அவர் சிறுவர்களுக்குச் செய்து காட்டினார். அவர்கள் நகைக்கவில்லை, கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கு அழுக்கென்று அவர்களை ஏசியவர் பலர்; துடைக்கக் கற்பித்தவர் அதுவரை ஒருவருமில்லை. குழந்தைக்கும் மானம் உண்டென்பதை அன்று அம்மையார் உணர்ந்தார்.

1912 இல் அவருடைய தாயார் காலமானார். அதன்பின், பதினைந்து வயதை எட்டிய மாரியோ அன்னையிடம் வந்து சேர்ந்தான். எனினும் உலகின்முன் அவன் உறவுப்பிள்ளையென்றும் வளர்ப்புப்பிள்ளையென்றுமே பேசப்பட்டான். அவனோ குறைகூறவில்லை. அன்னையின் துணைவனாய், மொழிபெயர்ப்பாளனாய், நாடுதோறும் உடன் சென்றான்.

1939 இல் இருவரும் பிரமஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தனர். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்திற் புகுந்ததும், பகைநாட்டவரென்று மாரியோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். எழுபதை எட்டும் முதிய தாய் அடையாற்றில் தனித்திருந்தார். அவ்வாண்டு அவரது எழுபதாவது பிறந்த நாளை முன்னிட்டு இராசப்பிரதிநிதி ஒரு தந்தி அனுப்பினார். பிறந்தநாட் பரிசாக அவருடைய மகனையே திருப்பித் தருவதாக அதிலே கண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக மறைக்கப்பட்ட உறவை ஓர் அரசாங்கத் தந்தி வெளிப்படச் சொல்லிவிட்டது! பட்டங்களும் பாராட்டுக்களும் பல பெற்ற அவ்வம்மையாருக்கு, இதனினும் பெரிய பரிசு வேறெது?

அதன்பின் அவர் கோடைக்கானலிலும் பிறவிடங்களிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். கோடைக்கானலில் அவரோடு பணிபுரிந்தவருள் இலங்கையரான லீனா விக்கிரமரத்தினவும் ஒருவர். 1952 மே 6 ஆந் திகதி, ஒல்லாந்திலே மகன் அருகிருக்க அம்மையார் உயிர்நீத்தார். தமது மரணசாதனத்திலே மாரியோவை ‘என் மகன்’ என்றே எழுதியிருந்தார். அன்னையின் பணியை அம்மகன் 1982 இல் தாம் இறக்கும்வரை தொடர்ந்தார்.

அம்மையார் செய்தது சரியோ பிழையோ என்று தீர்ப்புக் கூறுவது எளிது. தாயா, தொழிலா என்று ஒரு பெண்ணைத் தெரிவுசெய்ய வைத்த சமூகத்தின்மீதும் அத்தீர்ப்பிற் பாதி விழவேண்டும். தம் பிள்ளைக்குக் கொடுக்க முடியாத நாட்களை அவர் ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நாளைக் காலையிலே பாலர் பாடசாலை வாயிலில் பிள்ளையின் கையை விடும் தாய், அதற்கு முன் ஒருகணம் அக்கையைச் சற்று இறுகப் பற்றிக்கொள்வாளாயின், அதுவே அவ்வம்மையாருக்குச் செய்யும் அஞ்சலியாகும்.