மேடையில் நிற்கும் துணிவு

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சற்று முன் ஐந்தாம் ஆண்டு மாணவி பேசிக்கொண்டிருந்தபோது மைக் நின்றுவிட்டது. பிள்ளை ஒரு கணம் திகைத்தாள். பிறகு இரண்டு அடி முன்னே வந்து, குரலை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பின்வரிசைப் பாட்டி ஒருவர், "கேக்குதும்மா, பேசு!" என்றார். அதைப் பார்த்ததும் நான் எழுதி வந்த உரையை மடித்து வைத்துவிட்டேன்.

அமெரிக்காவில் அதிபர் பதவிக்குப் போட்டியிடுவோர் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிடுவது வழக்கம். 1976-இல் பிலடெல்பியா நகரில் அதிபர் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் வாதிட்டபோது இதே போல ஒலி நின்றுவிட்டது. 27 நிமிடம்! நாடே பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், நின்ற இடத்திலேயே நின்றார்கள். அத்தனை பெரிய தலைவர்களுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே, மேடையில் பதற்றம் வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பதற்றத்தை உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். 1960-இல் நிக்சன் மருத்துவமனையில் இருந்துவிட்டு, மெலிந்த உடம்போடு வந்து நின்றார். முகம் வியர்த்தது. எதிரே கென்னடி தெளிவாக நின்றார். 1992-இல் பொதுமக்கள் கேள்வி கேட்கும் நேரத்தில் அதிபர் புஷ் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 2000-இல் அல் கோர், மற்றவர் பேசும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். இவர்கள் சொன்ன வாதம் பலருக்கு மறந்துவிட்டது. கடிகாரமும் பெருமூச்சும் மறக்கவில்லை. நாம் பேசும்போது மட்டுமல்ல, பிறர் பேசும்போது நாம் எப்படி இருக்கிறோம் என்பதையும் சபை பார்க்கிறது.

தவறினாலும் எழலாம். 1984-இல் 73 வயது ரீகன் முதல் வாதத்தில் தடுமாறினார். இரண்டே வாரத்தில் மறுபடி மேடை ஏறினார். வயதைப் பற்றிக் கேட்டார்கள். எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் நான் தேர்தலுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று நகைச்சுவையாகச் சொன்னார். எதிராளி மாண்டேலே சிரித்துவிட்டார்!

திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தாயின் மகள் கமலா ஹாரிஸ், 2024 செப்டம்பர் 10-இல் எதிராளி டிரம்பிடம் தாமே நடந்து சென்று, கை நீட்டி, பெயர் சொல்லி வணங்கிவிட்டு வாதத்தைத் தொடங்கினார். ஆனாலும் தேர்தலில் தோற்றார். நிதானம் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. தோற்றாலும் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்கிறேன்.

நம் நாட்டில் அதிபர் தேர்தல் கிடையாது. எனினும் 2022 மே 12-இல் கோலாலம்பூரில் அன்வார் இப்ராஹிமும் நஜிப் ரசாக்கும் ஒரே மேடையில் வாதிட்டதை நம்மில் பலர் பார்த்தோம். அப்போது எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது.

அவர் பால்மரம் வெட்டியவர். சம்பளக் கணக்கில் தவறு இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் துரை முன்னால் நின்றால், "சரிங்க" என்பதற்கு மேல் வாய் வராது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மணிக்கணக்கில் நியாயம் பேசுவார். அவருக்கு அறிவு இல்லாமலா? வேலை போய்விடுமோ என்ற அச்சம். நாலு பேர் முன் பேசிப் பழக்கமும் இல்லை.

பெற்றோர்களே, அந்தப் பழக்கம் வீட்டில்தான் தொடங்க வேண்டும். "பெரியவங்க பேசுறப்ப வாய மூடு" என்று சொல்லி வளர்த்துவிட்டு, நேர்முகத் தேர்வில் பிள்ளை ஏன் விழிக்கிறான் என்று கேட்டால் என்ன பயன்? இன்றிரவு பசியாறிய பின் பிள்ளையை நடுவீட்டில் நிற்க வைத்துப் பேசச் சொல்லுங்கள். தடுமாறினால் சிரிக்காதீர்கள். முடிக்கும்வரை காத்திருங்கள்.

மாணவச் செல்வங்களே, நன்றாகத் தயார் செய்யுங்கள். மறந்துபோனால் மூச்சை இழுத்துவிட்டு, தெரிந்த இடத்திலிருந்து பேசுங்கள். மேடையை விட்டு மட்டும் ஓடாதீர்கள். மைக் நின்றாலும் குரல் நிற்கக் கூடாது. இன்று உங்கள் தோழி காட்டினாளே, அது போதும்.