மாரிக்காலத்து எலிக்காய்ச்சல்



2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையில் யாழ்ப்பாணக் குடாநாடு வெள்ளக்காடாயிற்று. அடுத்த மாதமே வடமராட்சியில் இனந்தெரியாத காய்ச்சலொன்று சில உயிர்களைக் கவர்ந்தது. குருதியைப் பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சலென உறுதியாயிற்று.

எலியின் சிறுநீரோடு வெளியேறும் லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவ நுண்ணுயிர், சேற்றிலும் தேங்கிய நீரிலும் பல நாள் உயிர்வாழும். நம் கால்வெடிப்பே அதற்கு வாயில். வயலில் இறங்கும் கமக்காரர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஆலோசனை கேட்டு, டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாரம் ஒருமுறை உணவின் பின் உட்கொள்ளலாம். "சேற்றிலே பிறந்தவனுக்கு மாத்திரை எதற்கு?" என நகைப்பாரும் உளர். அவரோடு வாதிட நேரமில்லை.

காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் கண்டால், பனடோலை விழுங்கிவிட்டு வீட்டிற் கிடவாது வைத்தியரிடம் செல்லுங்கள். "வயலில் நின்றேன்" என்பதையும் மறவாது சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர் நோயை விரைந்து உய்த்துணர்வார். பிந்தினாற் சிறுநீரகம் பழுதுறலாம்.