வளைபடியும் தொழிற்கல்வியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



'படி' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். ஏறுதற்கு உரியதும் படி. நெல் அளப்பதும் படி. 'கற்பாயாக' என ஏவுதலும் படி. ஏற்றம், அளவு, கல்வி என்னும் மூன்றும் ஒரு சொல்லினுள் அடங்கியிருத்தல் நம் தச்சர்க்கென்றே அமைந்தாற்போலும். அளவறியாதான் படி சமைத்தல் ஆகாது. கல்லாதான் அளவறிதலும் ஆகாது. இவ்வுண்மையை, இந்நாளில் புதுமனை கட்டுவோர் பலர் விரும்பிக் கேட்கும் வளைபடியின்பால் வைத்து விளக்கப் புகுகின்றோம்.

நம் பழைய வீடுகளில் மாடிப்படி பெரும்பாலும் சுவரோரமாக ஒடுங்கிச் செங்குத்தாய் நின்றது. மாடி பண்டங்களுக்கு இடமாக இருந்த காலத்து அது போதியதாயிற்று. இன்றோ மாடியே படுக்கையறை. மாடியே பிள்ளைகள் படிக்கும் இடம். இரவில் முதியோர் இறங்குவதும், தாய் குழவியை இடுப்பில் ஏந்தி ஏறுவதும் அப்படியின்மேல்தான். ஆதலின், வளைபடி கூடத்திற்கு அணியாதல் இரண்டாவது. அடிக்கு உறுதியாதலே முதலாவது.

நடுத்தூண் ஒன்றைச் சுற்றி ஏறுவது ஒருவகை. நடுவே வெளி விட்டு, தூணின்றிப் பெருவளைவாக ஏறுவது மற்றொருவகை. இவ்விரண்டாம் வகைக்கு இங்கிலாந்திலே கிரீனிச்சு நகரத்து அரசி மாளிகையில் 1635-ஆம் ஆண்டளவில் அமைந்த கற்படி சிறந்த சான்றாகும். இனிகோ ஜோன்சு என்பார் வகுத்த அம்மாளிகையில், ஒவ்வொரு கல்லும் ஒரு முனையைச் சுவரிற் புதைத்துக் கீழ்ப்படியின்மேல் தன் விளிம்பைச் சார்த்தி நிற்கின்றது. நடுவில் தாங்குவது ஒன்றுமில்லை. ஒன்றை ஒன்று தாங்குதலே அதன் வலிமை. சங்கங் கூட்டி நிற்கும் நமக்கும் இஃது ஒரு பாடமன்றோ?

இனி அளவைப் பார்ப்போம். ஒரு படியின் உயரத்தை இருமடங்காக்கி, மிதியின் அகலத்தைக் கூட்டினால், ஒரு மனிதன் இயல்பாக நடக்கும் ஓரடித் தொலைவு வரல் வேண்டும் என்று பிரான்சு தேசத்துப் பிளாண்டெல் என்னும் ஆசிரியர் 17-ஆம் நூற்றாண்டிலேயே விதித்தார். இந்நாளில் அதனை ஏறக்குறைய 600 முதல் 640 மில்லிமீட்டர் வரை கொள்வர். ஒரு வீட்டில் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் 3,060 மி.மீ. உயரம் என்க. அதனை 18 ஆகப் பகுத்தால் படி ஒன்றுக்கு 170 மி.மீ. உயரம். மிதியகலம் 280 எனின், கூட்டுத்தொகை 620, விதிக்கு ஒத்தது. கடைசி ஏற்றம் மேல்தளத்தையே அடைதலின் மிதிகள் 17. நடைவழியின் நீளம் 4,760 மி.மீ. இதனை அரைவட்டமாக வளைத்தால் நடைவழியின் ஆரம் ஏறத்தாழ 1,515 மி.மீ. ஆகும். படியின் அகலம் ஒரு மீட்டர் எனின், உள்விளிம்பில் மிதி 188 மி.மீ., வெளிவிளிம்பில் 372 மி.மீ. வரும். பாதம் வைக்க இடமுண்டு.

வீட்டுடையார், "கூடத்தில் இடம் குறைவு, வளைவைச் சுருக்கிவிடுங்கள்" என்கின்றார் எனக் கொள்வோம். வெளியாரத்தை 1,500 மி.மீ. ஆக்கினால், நடைவழியில் மிதி 185 மி.மீ. ஆகவும், உள்விளிம்பில் 92 மி.மீ. ஆகவும் குறுகிவிடும். அமெரிக்க நாட்டில் வீடுகளுக்குரிய மாதிரி விதிநூல், இத்தகைய படியின் ஒடுங்கிய முனையிலும் 6 அங்குலத்திற்கு, அதாவது 152 மி.மீ.க்குக் குறையலாகாது என்கின்றது. 92 மி.மீட்டரில் குதிகால் நில்லாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுடையார் முன் வைக்க வல்லவனே தச்சன். வைக்க மாட்டாதவன், கூலிக்காகத் தலையசைத்துச் செய்து கொடுப்பான். பின்னர் ஒரு மூதாட்டியின் இடுப்பெலும்பு அதற்கு விலையாகும்.

வளைபடியில் உள்சட்டமும் வெளிச்சட்டமும் ஒரே உயரம் ஏறுகின்றன. ஆயின் உள்சட்டம் ஓடும் தூரம் குறைவு, வெளிச்சட்டம் ஓடும் தூரம் மிகுதி. ஆதலின் உள்ளது செங்குத்தாகவும் வெளியது சாய்வாகவும் இருக்கும். அன்றியும், சுவரைச் சாராத வளைசட்டம் பாரத்தால் தாழ்வதோடு முறுகவும் முயலும். அதனால் மெல்லிய மரப்பட்டைகளைப் பசையிட்டு அடுக்கி, வளைந்த அச்சின்மேற் கிளாம்பு போட்டு இறுக்கி, ஒரே சட்டமாக்குவர். பட்டை மெல்லியதாகி எண்ணிக்கை மிகுந்தால், கழற்றியபின் வளைவு நிமிர்தல் குறையும். மரத்தின் நரம்பும் வளைவோடு ஒத்து ஓடுதலின் வலிமை கெடாது.

கைப்பிடியே இத்தொழிலின் நுண்மை. மேலிருந்து நோக்க வட்டம். பக்கத்திருந்து நோக்க ஏற்றம். இரண்டும் சேர்ந்து முறுக்கு. அம்முறுக்கினை நேர்ப்பலகையிலிருந்து கணித்து அறுத்தெடுக்கும் வழியைப் பீட்டர் நிக்கல்சன் என்பார் 1792-இல் வெளியிட்ட தச்சர் நூலிலும் பிறவற்றிலும் விளக்கினார். அவர் ஸ்காட்லாந்தில் ஒரு கற்றச்சர் மகனாக 1765-இல் பிறந்து, மரவேலை பயின்று, லண்டன் நகரத்திலே தொழிலாளர்க்கு மாலைப்பள்ளி நடத்தியவர். கையில் உளி பிடித்தவரே எழுதுகோலும் பிடித்தமையால், பட்டறைக்குள் இருந்த நுட்பம் அனைவர்க்கும் பாடமாயிற்று.

பொருத்துங்காலும் கவனம் வேண்டும். தளக்கல் பதித்து முடிந்தபின் உள்ள உயரத்தையே அளத்தல் வேண்டும். கீழ்த்தளத்திற் கல்லுங் காரையுமாகப் பின்னர் 30 மி.மீ. ஏறினால், முதற்படி மட்டும் 170-லிருந்து 140 ஆகக் குறையும். ஏறுவோன் கால் ஒரே சீரை எதிர்பார்ப்பது. அச்சீர் பிறழும் இடத்தில் இடறும். வளைசுவர் வரைபடத்திற்போல் வட்டமாயிராது; பலகையில் அதன் வடிவை எடுத்துக்கொள்க. படி முழுதையும் முதலிற் பட்டறையிலே பூட்டிப் பார்த்து, எண்ணிட்டுக் கழற்றி, வாயில் வழியே செல்லுமா என்றறிந்த பின்னரே கொண்டு செல்க.

"இவையெல்லாம் கணினி வரையும், இயந்திரம் அறுக்கும், நாம் கற்பது எதற்கு?" என்று இளைஞர் வினவலாம். இயந்திரம் வருக, நாம் அதனை வெறுத்தல் வேண்டா. ஆனால் 92 மி.மீ. என்று கட்டளையிட்டால் அது 92 மி.மீ. என்றே அறுக்கும், அம்மூதாட்டியை அது நினையாது. நினைக்கவேண்டுபவன் கட்டளையிடுபவன். அளவறிந்தவன் இயந்திரத்துக்குத் தலைவன். அறியாதவன் வேறொருவர் அனுப்பிய துண்டுகளுக்குத் திருகாணி முடுக்கும் கூலியாள்.

தந்தை மைந்தனுக்கு மட்டும் காதோடு உரைத்த நுட்பங்கள், மைந்தன் வேறு தொழில் புகுந்த வீடுகளில் தந்தையோடே மறைந்து போகின்றன. ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வாரம் இருமுறை, மாலையில், சங்கக் கட்டடத்திலேயே வடிவக்கணக்கும் வரைபடமும் கற்பிக்கும் வகுப்பொன்று தொடங்குக. கரும்பலகையில் கணக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஆசிரியராகிய நாம் ஏற்போம். முதிய தச்சர்கள் தரையில் முழுவளவாகக் கோடிட்டுக் காட்டுக. ஆண்மக்களோடு பெண்மக்களும் வருக; வேறு மரபினர் விரும்பி வரினும் கதவு திறந்திருக்க. பகிர்ந்தாற் குறைவது செல்வம். பகிராவிடிற் குறைவது கல்வி.

படி அறிந்து, படி சமைத்து, படிப்படியாக உயர்வோமாக!