விட்ட இடம் எது?



காலைப் பெரட்டில் கிராணியார் பெயர் கூப்பிடுகிறார். நாற்பதாவது பெயரில் நிறுத்தி, '40' என்று குறித்துவிட்டு வெளியே போகிறார். அதற்குள் ஒருவர் பத்தாவது பெயரை நீக்கி, கீழே உள்ளவர்களை ஒரு வரி மேலே ஏற்றி எழுதிவிடுகிறார். கிராணியார் திரும்பி வந்து 41-ஆம் வரியிலிருந்து கூப்பிட்டால் என்ன ஆகும்? முன்பு 41-இல் இருந்தவர் இப்போது 40-இல் இருக்கிறார். அவருக்கு மட்டும் அன்றைய பேர் விழாது.

கணினிக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. நாம் சேமித்து வைக்கும் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. கோப்புகளின் பெயர்ப் பட்டியலை அடைவு என்கிறோம். நீண்ட அடைவைக் கணினி ஒரே மூச்சில் படிப்பதில்லை. பகுதி பகுதியாகப் படித்து, விட்ட இடத்துக்கு ஓர் அடையாள எண் வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணைப் பொருள் மாறாமல் காப்பது 'கெர்னல்' எனப்படும் அடிப்படை நிரலின் வேலை.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஒவ்வொரு பெயருக்கும் 16 பைட் இடம் உண்டு. கோப்பின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. நாற்பது பெயர் படித்தால் அடையாளம் 640. ஒரு பெயரை நீக்கினால் அதன் எண் பூச்சியமாகும். வரி அப்படியே இருக்கும். ஆகவே குழப்பம் இல்லை.

1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி, 255 எழுத்து வரை பெயர் வைக்க இடம் கொடுத்தது. வரிகள் ஒரே அளவாக இல்லாமல் போயின. விட்ட இடத்துக்குத் திரும்பும் பகுதியில் ஒரு பிழையும் புகுந்தது. இடையில் கோப்பு நீக்கப்பட்டிருந்தால், சில வேளை ஒரு பெயரைத் தாண்டிப் போய் நின்றது. 25 ஆண்டுகள் கழித்து, 2008-இல்தான் அதைக் கண்டு திருத்தினார்கள்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 வேறு வழி கொண்டது. பெரிய அடைவுகளில் வரியை எண்ணாமல், பெயரின் எழுத்துகளிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு அடையாளமாக வைக்கிறது. ஒருவர் போனாலும் மற்றவர் எண் மாறாது. இரண்டு பெயருக்கு ஒரே எண் அமைந்தால், இரண்டையும் சேர்த்தே படித்துக் கொடுக்கக் கவனம் வேண்டும்.

ஒரு பெயர் தவறினால் என்ன என்று கேட்கலாம். கோப்புகளுக்கு மாற்றுப்படி எடுக்கும் நிரல், இந்தப் பட்டியலைப் பார்த்தே எடுக்கிறது. பட்டியலில் வராத கோப்பு படியில் இராது. மூலம் கெட்ட அன்றுதான் அது நமக்குத் தெரியும்.

ஆகவே, படி எடுக்கும் நேரத்தில் கோப்புகளை நீக்காமல் இருப்போம். முடிந்ததும் இரு பக்கமும் எண்ணிப் பார்ப்போம். நிரல் எழுதக் கற்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம்: முதலில் பெயர்களை முழுவதும் படித்து முடி, பிறகு நீக்கு.