மூச்சுக்காற்றும் ஓர் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

சற்றுமுன் வரவு செலவு வாசிக்கப்பட்டபோது, மதரஸா அறையில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் செறிவூட்டிகளையும் நான்கு சிலிண்டர்களையும் விற்றுவிடலாமே என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்விதான். விடை காணுமுன் 2021 மே மாதத்தைச் சற்று நினைவுகூர்வோம்.

அம்மாத இறுதியில் அன்றாடத் தொற்றில் கோவை மாவட்டம் சென்னையையே விஞ்சியது. நமது திருப்பூரிலும் படுக்கை தேடி அலையாத தெரு இல்லை. மேற்கு வங்கத்தின் துர்காப்பூரிலிருந்து திரவ ஆக்சிஜன் ஏற்றிய ரயில் மே 14 அன்று சென்னைத் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர வேண்டிய நிலை. ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றார்கள். அம்மருந்தை வீட்டில் வைத்துச் செலுத்தக் கூடாது என்று மத்திய அரசே அறிவித்திருந்தும், முன்னெச்சரிக்கையாக வாங்கி வைத்தவர்கள் இருந்தார்கள்.

தட்டுப்பாட்டில் சிக்கனம் என்றதும், நோயாளிக்குக் குறைத்துக் கொடுப்பது என்று பலரும் அஞ்சுகிறார்கள். அது அவ்வாறன்று. துணி விலை ஏறும்போது நமது கட்டிங் மாஸ்டர் பனியனின் அளவைச் சிறிதாக்குவதில்லை. பேட்டர்ன்களை நெருக்கி வைத்து வேஸ்ட் விழுவதைக் குறைக்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகள் கொள்ளும் அளவு நீரில் உளூச் செய்தார்கள். எந்த உறுப்பும் நனையாமல் விடப்படவில்லை.

கணக்கைப் பாருங்கள். 1,500 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர், நிமிடத்திற்கு 5 லிட்டர் வீதம் 5 மணி நேரம் வரும். 10 லிட்டராகத் திருகினால் இரண்டரை மணி நேரம். மருத்துவமனைகளின் உயர் ஓட்டக் கருவியில் 60 லிட்டர் வைத்தால் 25 நிமிடம்தான். ஆக்சிஜன் அளவு 92 முதல் 96 வரை இருந்தால் போதும், நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு 88 முதல் 92 போதும் என்பதே அன்று மருத்துவர்களுக்கு வழங்கப்பட்ட வழிகாட்டல். ஆயினும் 99ஐப் பார்த்தால்தான் மனம் ஆறும் என்று, செவிலியர் அறியாமல் திருகைக் கூட்டிய உறவினர்களை நாமே கண்டோம். பாசம்தான் அவ்வாறு செய்ய வைத்தது. அடுத்த படுக்கையிலும் ஒருவரின் தந்தை படுத்திருந்தார். முகக்கவசத்தைக் கழற்றி உணவு உண்ணும்போது குழாயை மூடுவதும், இணைப்பில் கசிவு பார்ப்பதும், மருத்துவர் சொன்னால் குப்புறப் படுப்பதும் காசு செலவில்லாத சேமிப்புகள். மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் இதைக் கவனிப்பதற்கென்றே தனிச் செவிலியர்களை நியமித்தார்கள்.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. அதை இந்தச் சபையில் மறைக்கலாகாது. அவ்வாண்டு ஒரு வீட்டிற்குச் செறிவூட்டி கொடுத்தோம். நோயாளி தேறி, அளவு 97 ஆன பின்னும், மறுபடி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில் எட்டு நாட்கள் அது அவ்வீட்டிலேயே இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டோம், பெரிய வீடு. அதே வாரத்தில் ஒடிசாவிலிருந்து வந்து தையல் வேலை பார்த்த ஒரு சகோதரருக்காக அவருடைய அறைத்தோழர்கள் வந்தார்கள். இல்லை என்றோம். ஆம்புலன்ஸில் சென்ற அவர் பிழைத்தார். அது நமது ஏற்பாட்டினால் அன்று.

ஹிஜ்ரி 18இல் பஞ்சம் வந்தபோது, மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தாமும் உண்ண மறுத்தார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். நாமோ ஒரு கதவைத் தட்டத் தயங்கினோம்.

ஆகவே விற்க வேண்டாம் என்பதே நமது கருத்து. ஆனால் பூட்டி வைப்பதும் தவறு. செறிவூட்டி ஓடாமல் கிடந்தால் உள்ளிருக்கும் சல்லடைப் பொருள் ஈரம் உறிஞ்சிக் கெடும். அவ்வப்போது ஓட்டி, வடிகட்டியைக் கழுவ வேண்டும். சிலிண்டர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். அவற்றின் மேல் பொறித்துள்ள தேதியை நிர்வாகம் இவ்வாரமே பார்க்கட்டும். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் கொடுப்பது, திருப்பும் நாளை அப்போதே எழுதுவது, சந்தாவையோ மதத்தையோ பாராமல் தேவையை மட்டும் பார்ப்பது என ஒரு பதிவேடு வேண்டும். நம் வீட்டிற்கே தேவைப்பட்டாலும் அதில் வரிசைப்படியே பெயர் எழுதப்படட்டும். அப்பதிவேட்டை வைத்துக்கொள்ள இரண்டு இளைஞர்கள் தேவை. தொழுகைக்குப் பின் பெயர் கொடுங்கள். வஸ்ஸலாம்.