நோன்பில் விட்டதை என்றென்றும் விடுவோம்



நாம் விடும் மூச்சும் அல்லாஹ் நமக்களித்த அமானிதமாகும். மனிதன் தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதை அல்குர்ஆன் (2:195) தடுக்கின்றது. ஆயினும், தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறியதும் சிகரெட்டைத் தேடுவோர் நம்மிடையே இருக்கின்றனர்.

சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கவல்லவை. அவை நுரையீரல் கலங்களின் மரபணுக்களைச் சிதைக்கின்றன. அச்சிதைவு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து புற்றுநோயாக மாறுகின்றது. வீட்டினுள் தந்தை புகைத்தால், புகைக்காத மனைவி மக்களும் அதே நஞ்சையே சுவாசிக்கின்றனர்.

தந்தையர்களே! சிகரெட் வாங்கிவர மகனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் தடுப்பதைத் தந்தையே பழக்கலாமா?

"விட முடியவில்லையே" என்கின்றீர்களா? றமழானில் ஸஹர் முதல் மஃரிப் வரை 13 மணித்தியாலங்கள் விட்டிருக்கின்றீர்களே! அந்த மனவுறுதியை இரவுக்கும், ஏனைய மாதங்களுக்கும் நீட்டுங்கள். புகைத்தலை விட்டு 10 ஆண்டுகளானால், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் தொடர்ந்து புகைப்பவருக்குள்ளதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றது.

மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றை அலட்சியம் செய்யாது வைத்தியரை நாடுங்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய்க்கு இலவசமாகச் சிகிச்சையளிக்கப்படுகின்றது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் மனவுறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.