ஒலிவாங்கியின் அருமை தெரிந்தவர்



1983ஆம் ஆண்டின் கடைசி நாள். டிசம்பர் 31. நைஜீரியாவில் காலையில் வானொலிப் பெட்டியைத் திருப்பியவர்கள் ஒரு புதிய குரலைக் கேட்டார்கள். நைஜீரிய ராணுவத்தின் பிரிகேடியர் சானி அபாச்சா பேசுவதாக அந்தக் குரல் சொன்னது. ஆட்சியாளர்கள் திறமையற்றவர்கள், ஊழலில் ஊறியவர்கள் என்றது. மருந்தும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல், கருவிகளும் இல்லாமல் நம் மருத்துவமனைகள் வெறும் யோசனை சொல்லி அனுப்பும் இடங்களாகிவிட்டன என்றது. ஆகவே ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டுவிட்டது, விமான நிலையங்கள் மூடப்பட்டன, இரவில் யாரும் வெளியே வரக் கூடாது. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் ஷெஹு ஷகாரியின் ஆட்சி சில நிமிடப் பேச்சோடு முடிந்துபோனது.

ஆட்சிக்கு வந்தவர் அபாச்சா என்று நினைத்துவிடாதீர்கள். வந்தவர் முகமது புஹாரி. ஆனால் நாடு முதலில் கேட்டது அபாச்சாவின் குரலை. இருபது மாதங்கள் ஓடின. 1985 ஆகஸ்டில் புஹாரியையும் இறக்கினார்கள். இனி இப்ராஹிம் பாபாங்கிடாதான் தலைவர் என்று அன்றைக்கு வானொலியில் நாட்டுக்குச் சொன்னவர் யார் தெரியுமா? அதே அபாச்சாதான்.

என் வாழ்நாளில் பெரும்பகுதி வானொலியில் கழிந்தது. அதனால் இந்த மனிதருடைய கதையில் என் மனம் போய் நிற்கும் இடமும் இதுதான்.

பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் நிலையத்தின் வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் நிற்பதைப் பார்த்து வியந்திருக்கிறேன். பாட்டும் நாடகமும் வயலும் வாழ்வும் ஒலிபரப்பாகும் இடத்துக்குத் துப்பாக்கி எதற்கு என்று எங்கள் மூத்த அறிவிப்பாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னைக் கலையகத்துக்குள் அழைத்துப்போய், மேசைமேல் இருந்த ஒலிவாங்கியைக் காட்டினார். "தம்பி, இதுல யார் பேசினாலும் வெளியில இருக்கிறவன் அரசாங்கம் பேசுதுன்னுதான் நம்புவான். அதுக்குத்தான் காவல்" என்றார்.

நைஜீரியாவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்தப் பெரியவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. பரந்த நாடு. அந்தக் காலத்தில் தொலைபேசி அரிது. செய்தித்தாள் எல்லா ஊருக்கும் போய்ச் சேராது. ஆனால் சின்ன டிரான்சிஸ்டர் பெட்டி எங்கும் இருந்தது. தலைநகரில் நடப்பது என்னவென்று தொலைதூரத்துப் படைமுகாமில் இருக்கிற அதிகாரிக்குத் தெரியாது. அவரும் வானொலியைத்தான் கேட்பார். ஒலிபரப்பு நிலையம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வென்றார் என்று முடிவுகட்டி, அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். 1966 ஜனவரியில் ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பிய மேஜர் ஞெயோக்வு காதுனா வானொலியில் பேசினார். 1976 பிப்ரவரியில் ஆட்சித் தலைவர் முர்த்தலா முகமதுவைச் சுட்டுக் கொன்றவர்களும் வானொலி நிலையத்துக்குத்தான் ஓடினார்கள். 1990 ஏப்ரலில் மேஜர் கிடியன் ஓர்க்கார் லாகோஸ் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு, வடக்கே ஐந்து மாநிலங்களை நாட்டிலிருந்தே விலக்குவதாக அறிவித்தார். அந்த ஐந்தில் ஒன்று கானோ, அபாச்சா பிறந்த ஊர். அப்போது தரைப்படைத் தளபதியாக இருந்த அபாச்சா அன்றைக்கே அந்தக் கலகத்தை அடக்கினார். அதில் சிக்கியவர்கள் பலர் பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

வானொலி நிலையத்துக்குள் துப்பாக்கியோடு போனவர்கள் ராணுவத்தினர் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1965இல் மேற்கு நைஜீரியாவில் தேர்தல் மோசடி நடந்தது. மாநில முதல்வரின் வெற்றி உரை ஒலிநாடாவில் பதிவாகி ஒலிபரப்புக்குத் தயாராக இருந்தது. இபாதான் நிலையத்துக்குள் ஓர் இளம் நாடகாசிரியர் நுழைந்தார், அந்த நாடாவை எடுக்கச் செய்து, முதல்வரைப் பதவி விலகச் சொல்லும் வேறு நாடாவைப் போட வைத்தார் என்று வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த இளைஞர் வோலே சோயிங்கா. 1986இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே சோயிங்கா. இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

அபாச்சாவின் ஏற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் குறைவு. 1943இல் பிறந்தவர். காதுனாவிலும் இங்கிலாந்திலும் ராணுவப் பயிற்சி. பியாஃப்ரா உள்நாட்டுப் போர்க்களம். பிறகு நான் சொன்ன வானொலி அறிவிப்புகள், தளபதிப் பதவி, பாதுகாப்பு அமைச்சர் பதவி. 1993 ஜூன் 12ஆம் தேதி நாட்டில் அதிபர் தேர்தல் நடந்தது. நைஜீரியா கண்ட நேர்மையான தேர்தல்களில் அது முதன்மையானது என்பார்கள். தொழிலதிபர் மொஷூத் அபியோலா வெற்றிமுகத்தில் இருந்தார். பாபாங்கிடா அந்தத் தேர்தலையே செல்லாது என்று அறிவித்தார். எழுந்த கொந்தளிப்பில் அவரும் விலகி, எர்னஸ்ட் ஷொனேக்கன் என்பவர் தலைமையில் இடைக்கால அரசு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அந்த அரசு சட்டப்படி செல்லாது என்று லாகோஸ் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரே வாரத்தில், 1993 நவம்பர் 17ஆம் தேதி, அபாச்சா ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் கலைந்தன. கட்சிகள் தடை செய்யப்பட்டன. மறு ஆண்டு, நான்தான் அதிபர் என்று அறிவித்த அபியோலா சிறைக்குப் போனார்.

நேயர்களே, இத்தனை நாள் அடுத்தவருக்காக ஒலிவாங்கியில் பேசியவர், தான் ஆட்சிக்கு வந்தபின் மக்களிடம் அதிகம் பேசவில்லை. கறுப்புக் கண்ணாடி அணிந்து அபுஜாவின் அதிபர் மாளிகைக்குள்ளேயே இருந்தார். மற்றவர்கள் பேசக் கூடாது என்பதில்தான் குறியாக இருந்தார். 1994இல் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், தலைவர்களைச் சிறையில் போட்டார். கான்கார்ட், பஞ்ச், கார்டியன் என்ற மூன்று பெரிய பத்திரிகை நிறுவனங்களை ஆணை போட்டு மூடினார். அரசின் செயலை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று இன்னோர் ஆணை. 1995இல் ராணுவச் சதி என்று சொல்லி முன்னாள் ஆட்சித் தலைவர் ஒபசாஞ்சோவையே உள்ளே தள்ளினார். அந்த வழக்கைப் பற்றி எழுதிய குற்றத்துக்காக குன்லே அஜிபாடே, கிறிஸ் அன்யான்வு உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் சிறைத் தண்டனை பெற்றார்கள். இருந்தும் சில வார இதழ்கள் அச்சகத்தை இடம் மாற்றி இடம் மாற்றி வெளிவந்துகொண்டே இருந்தன. என் துறையைச் சேர்ந்த அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1995 நவம்பர் 10ஆம் தேதி இரவு. நான் செய்திப் பிரிவில் இருந்தேன். ஆக்லாந்தில் கூடிய காமன்வெல்த் மாநாட்டுச் செய்திகள் டெலிபிரிண்டரில் வந்துகொண்டிருந்தன. நடுவில் நைஜீரியாவிலிருந்து ஒன்று. எழுத்தாளர் கென் சாரோ விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் போர்ட் ஹார்கோர்ட் சிறையில் தூக்கிலிட்டுவிட்டார்கள். எங்களுடையது ஐந்து நிமிடச் செய்தியறிக்கை. ஒன்பது உயிர்களுக்கு நான் ஒதுக்க முடிந்தது இரண்டு வாக்கியம். சில நாள் கழித்து ஒரு பள்ளி ஆசிரியர் எங்களுக்குக் கடிதம் எழுதினார். ஓர் எழுத்தாளரை ஓர் அரசு ஏன் தூக்கில் போட்டது, அவர் என்ன எழுதினார் என்று கேட்டிருந்தார்.

அவருக்கு நேயர் கடித நிகழ்ச்சியில் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் ஒகோனி என்று ஒரு சிறு இனத்தவர் வாழ்கிறார்கள். 1950களின் இறுதியில் அவர்கள் மண்ணில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது ஷெல் நிறுவனம். எண்ணெய் வெளியே போனது. விளைநிலத்திலும் ஓடையிலும் கசிவு தங்கியது. எரிவாயு இரவும் பகலும் வெளியில் எரிந்தது. சாரோ விவா நாவலாசிரியர், நாடு முழுவதும் சிரித்துப் பார்த்த தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றை எழுதித் தயாரித்தவர். வசதியாக இருந்திருக்கலாம். தன் மக்களைத் திரட்டினார், வன்முறை இல்லாமல் உரிமை கேட்டார். ஒகோனித் தலைவர்கள் நால்வரை ஒரு கூட்டம் கொன்றபோது, அந்தப் பழி இவர்மேல் விழுந்தது. தனி நீதிமன்றம். மேல்முறையீடு கிடையாது. தூக்கிலிட்ட மறுநாளே காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. தூக்குக் கயிற்றை அது அவிழ்க்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, சிறையில் இருந்த அபியோலாவின் மனைவி குதிராத் லாகோஸ் சாலையில் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கணவருக்காகவும் தொழிலாளருக்காகவும் அஞ்சாமல் பேசியவர். சோயிங்கா அதற்கு முன்பே, 1994இல், மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து காட்டுவழியாக எல்லையைக் கடந்து நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். வெளிநாட்டில் இருந்த அவரும் தோழர்களும் செய்த காரியம் எதுவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஒரு வானொலி தொடங்கினார்கள். கயோடே ஃபயேமி என்ற இளைஞர் அதை நடத்தினார், பிற்காலத்தில் மாநில ஆளுநராக ஆனவர். அதற்குக் குதிராத் வானொலி என்றே பெயர் வைத்தார்கள்.

சிற்றலை ஒலிபரப்பு. மாடியில் கம்பி கட்டி, இரவில் முள்ளை மெல்லத் திருப்பி தூர தேசங்களைக் கேட்ட நேயர்கள் இன்றும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிற்றலை வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இறங்கும். அதற்கு எல்லைச் சாவடி கிடையாது, வாசலில் நிற்கும் துப்பாக்கிக் காவலர் கிடையாது. லாகோஸில் ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைக் குறைத்துவைத்து, இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு நிலையத்தைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்! இத்தனை ஆண்டு ஒலிபரப்பில் இருந்தும், அப்படிப்பட்ட கேட்பவர்களுக்காக ஒரு நாளாவது பேசியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

கடிகாரம் என்னை அவசரப்படுத்துகிறது. 1998 ஏப்ரலுக்குள், அரசு அனுமதித்த ஐந்து கட்சிகளும் அபாச்சாவையே தங்கள் ஒரே வேட்பாளராக அறிவித்துவிட்டன. ஜூன் 8ஆம் தேதி அவர் திடீரென இறந்தார், வயது 54. அன்றைக்கே கானோவில் அடக்கம் செய்தார்கள். ஒரு மாதத்துக்குள், விடுதலையை எதிர்பார்த்திருந்த அபியோலாவும் காவலிலேயே இறந்துபோனார். 1999 மே மாதம் நாட்டில் மக்களாட்சி திரும்பியது. அதிபரானவர், அபாச்சா சிறையில் வைத்திருந்த ஒபசாஞ்சோ. ஜூன் 12தான் இன்று நைஜீரியாவின் மக்களாட்சி நாள். அபாச்சாவும் அவரைச் சேர்ந்தவர்களும் வெளிநாட்டு வங்கிகளில் பதுக்கிய பணம் பல நூறு கோடி டாலர் என்பது மதிப்பீடு. அது தவணை தவணையாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2020இல் ஜெர்சி தீவிலிருந்து வந்த 30 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை நைஜர் ஆற்றின் இரண்டாவது பாலத்துக்கும், லாகோஸ் இபாதான் சாலைக்கும், அபுஜாவிலிருந்து கானோ போகும் சாலைக்கும் ஒதுக்கினார்கள். பாலம் 2023இல் திறந்தாகிவிட்டது. மிச்சப் பணமும் சீக்கிரம் வந்து சேரட்டும், அதில் ஒரு பங்கு, மருந்தும் தண்ணீரும் கருவியும் இல்லை என்று அன்று வானொலியில் சொல்லப்பட்ட அந்த மருத்துவமனைகளுக்கும் போகட்டும்.